மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்

ஈரானியத் திருமணங்களில் 'அக்த்' என்றொரு சடங்கு உண்டு. தரையில் விரித்த பட்டு விரிப்பில் நிலைக்கண்ணாடி, மெழுகுவர்த்திகள், தேன், ரொட்டி, பழங்கள். அதற்கு முன்னால் மணமக்கள். அவர்கள் தலைக்கு மேல் சில பெண்கள் வெள்ளைத் துணியைப் பிடித்திருக்க, இன்னொருத்தி இரண்டு சர்க்கரைக் கூம்புகளை ஒன்றோடொன்று உரசுகிறாள். துணியில் தூள் உதிர்கிறது. திருமணத்தை நடத்திவைப்பவர் பெண்ணிடம் கேட்கிறார்: "இந்த மணத்துக்கு உனக்குச் சம்மதமா?"

பெண் வாய் திறப்பதில்லை. கூடியிருக்கும் பெண்கள் அவளுக்காகப் பதில் சொல்கிறார்கள்: "மணப்பெண் பூப்பறிக்கப் போயிருக்கிறாள்!" அவளோ அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவர் மறுபடி கேட்கிறார். "மணப்பெண் பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள்!" என்று பதில் வருகிறது. மூன்றாவது முறை கேட்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரு நகையையோ பரிசையோ நீட்டுவார்கள். அதற்கு 'ஸீர்லஃப்ஸி' என்று பெயர். அந்தச் சம்மத வார்த்தையை வெளியே கொண்டுவருவதற்கான விலை அது. அதன்பிறகுதான், பெரியவர்கள் அனுமதியோடு, "பலே" என்கிறாள் பெண். பாரசீகத்தில் பலே என்றால் 'ஆம்'.

சம்மதம் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அதை உடனே தராமல் இரண்டு முறை தள்ளிவைக்கும் இந்த இனிய தாமதத்துக்குப் பாரசீகத்தில் ஒற்றை அசையில் ஒரு சொல் இருக்கிறது: நாஸ்.

கடைசி எழுத்தைச் சற்றுக் கவனமாக ஒலிக்க வேண்டும். 'ஸ்' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிடுங்கள். வண்டு ரீங்கரிப்பதுபோல் வரும் ஒலிதான் அது. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை. எனவே இந்தக் கட்டுரை முழுக்க 'ஸ்' என்றே எழுதுகிறேன். உங்கள் காது அதிர்வைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

நாஸை நாணம் என்று எடுத்துக்கொண்டால் பாதி வழியில் நின்றுவிடுவோம். நாணம் தனியாக இருக்கும்போதும் வரும். நாஸுக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 'வேண்டாம்' என்று சொல்லும்போதே 'இன்னொரு தடவை கேள்' என்று கண் சொல்ல வேண்டும். எதிரே இருப்பவருக்கு அந்தக் கண்மொழி புரியவும் வேண்டும். தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'பிகு'. "ரொம்பத்தான் பிகு பண்ணிக்காதே" என்கிறோமே, அதே பண்ணல். ஆனால் நம் பிகுவில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கிறது. நாஸில் அழகும் செல்லமும் கூடுதல்.

இந்தச் சொல்லோடு எந்தெந்த வினைகள் சேர்கின்றன என்று பார்த்தாலே அதன் இயக்கம் விளங்கிவிடும். பாரசீகத்தில் நாஸைச் 'செய்யலாம்'. அது பிகு பண்ணுவது. நாஸை 'இழுக்கலாம்', அது பிகு பண்ணுகிறவரைப் பொறுமையாகக் கெஞ்சி வழிக்குக் கொண்டுவருவது. நாஸை 'வாங்கவும்' செய்யலாம், காசு கொடுத்துப் பொருள் வாங்குவதுபோல! உருது அதே நாஸைத் 'தூக்குகிறது'. ஒருவரின் செல்ல அடங்களைச் சகித்துக்கொள்வதற்கு உருதுவில் 'நாஸ் உட்டானா' என்று பெயர். துருக்கியர்கள் சொல்லை மட்டும் கடன் வாங்கவில்லை. 'இழுத்தல்' என்ற வினையையும் தங்கள் மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டார்கள். அயல்மொழித் தொடரின் உறுப்புகளை அப்படியே நம் சொற்களால் மாற்றிக் கட்டுவதை மொழியியலார் 'பெயர்ப்புக் கடன்' என்பார்கள். கவனியுங்கள்: இழுக்கிறார்கள், தூக்குகிறார்கள், வாங்குகிறார்கள். மூன்று மொழிகளும் சேர்ந்து இந்த மென்மையான பொருளுக்கு ஓர் எடையும் ஒரு விலையும் வைத்திருக்கின்றன. சுமப்பவர் எப்போதும் எதிராளிதான்.

வீட்டுப் பேச்சில் சொல் இன்னும் இளகுகிறது. பூனைக்குட்டியின் முதுகைத் தடவிக்கொடுப்பதும் நாஸ் செய்வதுதான். குழந்தையைப் பார்த்து "எவ்வளவு நாஸ்!" என்றால் 'என்ன அழகு, என்ன செல்லம்' என்று பொருள். தோட்டத்தில் ஒரு பூவுக்கே 'குலே நாஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு மாடிகளில் தொட்டியில் பூக்கும் பத்துமணிப் பூதான் அது. வெயில் ஏறினால்தான் இதழ் திறக்கும், வெளிச்சம் குறைந்தால் மூடிக்கொள்ளும். இதைவிடப் பொருத்தமாக அதற்குப் பெயர் வைக்க முடியாது என்றே தோன்றுகிறது. ஷிராஸ் நகரத்துத் தோட்டங்களில் ஒல்லியாக ஓங்கி நிற்கும் சைப்ரஸ் மரத்துக்கு 'ஸர்வே நாஸ்' என்று பெயர். அது எதையும் மறுப்பதில்லை, மூடிக்கொள்வதும் இல்லை. நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். இங்கே நாஸ் ஒயிலும் மிடுக்கும் ஆகிவிட்டது.

மிடுக்கு எப்படி வந்தது? சொல்லின் வேர்ப்பக்கம் போனால் தெரியும். சாசானிய மன்னர்கள் ஈரானை ஆண்ட காலத்தில் (224–651) வழங்கிய பாரசீகத்தின் முந்தைய வடிவம் பஹ்லவி. அதிலேயே இந்தச் சொற்குடும்பம் இருக்கிறது. மகிழ்ச்சி, பெருமிதம் என்பவை அங்கே அதன் பொருள்கள். இன்றைய பாரசீகத்திலும் 'நாஸீதன்' என்றால் ஒன்றை நினைத்துப் பெருமைப்படுவது. ஆக, ஒரே கருவுக்குள் இரண்டு உயிர்கள்: தன்னைப் பற்றிய பெருமிதம் ஒன்று, தொட்டால் வாடும் மென்மை மற்றொன்று. பிகு என்பது இவ்விரண்டும் கலந்த கலவைதானே. தன் மதிப்பு தெரிந்தவர்தான் தாமதிப்பார்; மனம் இளகியவர்தான் கடைசியில் சம்மதிப்பார். இந்த இரட்டைக் கருவை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் பல மொழிகளில் இச்சொல் செய்த குறும்புகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

நாஸைப் பரப்பியவர்களில் முதல்வர்கள் கவிஞர்கள். அதற்கு அவர்களுக்குத் தொழில் ரீதியான காரணம் ஒன்று இருந்தது. பாரசீகக் கஸல் பாட்டில் அடியின் கடைசியில் ஒலி ஒத்துவர வேண்டும். தமிழ் யாப்பில் இதை இயைபு என்கிறோம். அவர்கள் காஃபியா என்கிறார்கள். நாஸோடு ஒலி ஒத்துப்போகும் சொற்களைப் பாருங்கள்: ராஸ் என்றால் ரகசியம், ஸாஸ் என்றால் இசைக்கருவி, ஆவாஸ் என்றால் குரல், பர்வாஸ் என்றால் பறத்தல், நமாஸ் என்றால் தொழுகை. கூடவே ஷிராஸ் என்ற ஊர்ப்பெயர். காதல் பாட்டு எழுத வேண்டிய சரக்கு முழுவதும் ஒரே இயைபில் வரிசைகட்டி நிற்கிறது. பாரசீகக் கவிஞர்களின் பாட்டுத் தொகுப்புகளைப் பெரும்பாலும் அடியின் கடைசி எழுத்தை வைத்து அகரவரிசையில் அடுக்குவார்கள். அதனால் இந்த ஒலியில் முடியும் பாட்டுகள் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும்.

ஆனால் கவிஞர்கள் மிகவும் கொண்டாடிய இணை வேறு: நாஸ், நியாஸ். நியாஸ் என்றால் தேவை, வேண்டுதல், இறைஞ்சல். பாரசீக எழுத்தில் நாஸ் மூன்றே எழுத்து. நடுவில் ஒரு யகரத்தைச் சேர்த்தால் நியாஸ். காதலி நாஸ் உடையவள், காதலன் நியாஸ் உடையவன். பிகு பண்ணுகிறவருக்கும் கெஞ்சுகிறவருக்கும் இடையே ஒரே ஓர் எழுத்து! சூஃபிகள் இதை இன்னும் உயரத்துக்கு ஏற்றினார்கள். யாரிடமும் எதுவும் தேவைப்படாத இறைவனிடம் இருப்பது நாஸ், எல்லாவற்றுக்கும் அவனைச் சார்ந்த மனிதனிடம் இருப்பது நியாஸ் என்றார்கள். நம் பள்ளிப் பாடங்களில் படையெடுப்புக்காக மட்டும் வந்துபோகும் கஜினி முகமது, பாரசீகக் கவிதைக்குள் வேறொரு வேடத்தில் வருகிறார். அவருடைய அடிமையின் பெயர் அயாஸ். அதுவும் இந்த இயைபுக்குள் கச்சிதமாக விழுகிறது. அடிமையின் நாஸுக்கு முன்னால் சுல்தான் நியாஸோடு நிற்கும் தலைகீழ்க் காட்சியைக் கவிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் எழுதித் தீர்த்தார்கள்.

இந்தக் கவிதை எந்த ஊருக்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் நாஸும் போனது. சுமந்துகொண்டு போனவர்களில் பெரும்பாலோர் பாரசீகர்களே இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர்கள் துருக்கி மொழிகள் பேசியவர்கள். அனத்தோலியாவுக்குப் போன செல்ஜூக்குகள், பிறகு வந்த ஒட்டோமான்கள், டெல்லியில் அமர்ந்த சுல்தான்கள் எனப் பலருக்கும் வீட்டு மொழி துருக்கி வகையைச் சேர்ந்தது. அரசவை நாகரிகத்தின் மொழி பாரசீகம். பாபர் தன் நினைவுகளை எழுதியதுகூடச் சகதாய் என்ற துருக்கி மொழியில்தான். அவருடைய பேரன் அக்பரின் காலத்தில், 1582இல், அவருடைய அமைச்சர் தோடர்மால் வருவாய்க் கணக்குகளையெல்லாம் பாரசீகத்தில் எழுதச் செய்தார். அதன்பின் வேலை வேண்டும் என்ற இளைஞர்கள் பாரசீகம் படித்தார்கள். பாரசீகம் படித்தவர்கள் கணக்கோடு கவிதையையும் சேர்த்தே படித்தார்கள்.

வரைபடத்தில் ஷிராஸில் ஒரு புள்ளி வையுங்கள். வடமேற்கே ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட் வரை வான்வழியாக ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு நேர்கோடு இழுத்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. வடகிழக்கே கஜகஸ்தானின் அல்மாட்டி வரையிலும் தூரம் அதற்கு நெருக்கம்தான். தென்கிழக்கே தஞ்சாவூர் சுமார் 3,500 கிலோமீட்டர். இந்த மாபெரும் பரப்பின் மூன்று மூலைகளிலும் நாஸின் பிள்ளைகள் இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கிறார்கள்.

முதலில் துருக்கிக்குப் போவோம். பெண் பார்க்க வந்த வீட்டார், பெண் வீட்டுக்காரர்கள் உடனே சரி சொல்லவில்லையே என்று வருந்தினால், "பெண் வீடு நாஸ் வீடு" என்று பழமொழி சொல்லி ஆற்றுவார்கள். அது அப்படித்தான் இருக்கும், இன்னொரு முறை போய்க் கேளுங்கள் என்று அர்த்தம். எல்லைக்கோட்டுக்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள்: நாஸ் அளவு மீறினால் காதலனுக்கு அலுத்துவிடும். வள்ளுவர் ஊடலை உப்போடு ஒப்பிட்டதும் இதே அளவுக் கவலையில்தான். துருக்கியர்கள் நாஸிலிருந்து ஒரு வினையையும் வார்த்தார்கள்: 'நாஸ்லன்மக்'. சாப்பிட ஆசைப்பட்டும் "வேண்டாம், வேண்டாம்" என்று கை ஆட்டும் விருந்தாளி செய்வது அதுதான். 'நாஸ்லி' என்று பெண்களுக்குப் பெயரும் வைக்கிறார்கள்.

ஒட்டோமான் ஆட்சியோடு சொல் பால்கனுக்குள் நுழைந்தது. கிரேக்கத்துத் தெசலோனிக்கி நகரம் 1430 முதல் 1912 வரை ஒட்டோமான்களிடம் இருந்தது. ஏறக்குறைய பதினாறு, பதினேழு தலைமுறைகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தால் சொற்கள் சுவரேறிக் குதிக்காமல் இருக்குமா? கிரேக்கத்தில் 'நாஸி' என்றால் சிணுங்கலும் குழைவும். பெரும்பாலும் பன்மையில் 'நாஸியா' என்பார்கள். பிகுக்காரி 'நாஸியாரா'. அல்பேனியருக்கு 'நாஸே', போஸ்னியருக்கு 'நாஸ்'. ருமேனியாவுக்கு வந்ததும் சொல்லின் முகம் மாறுகிறது. அங்கே 'நாஸுரி' என்ற பன்மைதான் வழக்கு. பொருள்: நொரநாட்டியம். இது பிடிக்காது, அது வேண்டாம் என்று எதையும் குறை சொல்லித் தள்ளும் ஆள் 'நாஸுரி செய்கிறார்'. காதல், கண்மொழி, பன்னீர் எல்லாம் வழியில் உதிர்ந்துவிட்டன. மறுப்பு மட்டும் மிச்சம்.

நேர் எதிர்த்திசையில் போனது ஜார்ஜியா. அங்கே சொல்லிலிருந்து மறுப்பு அடியோடு கழன்றுவிட்டது. மென்மை மட்டும் நின்றது. ஜார்ஜிய மொழியில் 'நாஸி' என்றால் மிருதுவான, இதமான. முடிவிலுள்ள இகரம் அம்மொழியின் எழுவாய் உருபு. மென்மையான குரல், மென்மையான கை எல்லாமே நாஸிதான். பெண்களுக்கு 'நாஸி' என்று பெயர் வைப்பார்கள். 'ப்ரோலா' என்று பளிங்கைச் சேர்த்து 'நாஸிப்ரோலா' என்றும் வைப்பார்கள். ஹிட்லர் கட்சியின் சுருக்கப் பெயரோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஜெர்மன் மொழியில் 'தேசிய சோஷலிஸ்ட்' என்ற பெயரின் தறிப்பு. வெளிநாட்டுக்குப் போகும் ஜார்ஜியப் பாட்டிகள் பாவம், இதை எத்தனை பேருக்கு விளக்குவார்கள்? பக்கத்து ஆர்மீனியாவில் 'நாஸுக்' என்பது தின்பண்டம். வெண்ணெய் தடவிய மாவுக்குள் சர்க்கரைப் பூரணம் வைத்துச் சுருட்டி, துண்டு போட்டுச் சுடுவார்கள். கடித்தால் அடுக்கடுக்காக உதிரும்.

கஜகஸ்தானில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கஜக் மொழியில் 'நாஸ்' என்றால் மனத்தாங்கல். வேண்டியவர் மேல் வரும் மெல்லிய வருத்தம். "நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்ற வகை. அங்கே இதை 'ஓக்பே நாஸ்' என்று இணைமொழியாகவும் சொல்வார்கள். ஓக்பே என்பதற்கு மனக்குறை என்று பொருள். நுரையீரல் என்றும் பொருள். வெளியே விடாமல் நெஞ்சுக்குள் அடைத்துவைத்த மூச்சுபோலத்தான் அந்தக் குறையும் இருக்கும்போல. காதலியின் பொய்க்கோபம் புல்வெளி நாட்டுக்குப் போய் உறவுக்காரரின் மெய்வருத்தமாக மாறியிருக்கிறது. ஊடல் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்தத் திருப்பம் புதிராக இருக்காது. பிகுவும் ஊடலும் எவ்வளவு அருகருகே குடியிருக்கின்றன என்று நாம் அறிவோம்.

இனி நாஸின் மூத்த பிள்ளைக்கு வருவோம். நாஸோடு 'உக்' என்ற ஈறு சேர்ந்து பிறந்தது 'நாஸுக்'. மென்மையான, மெல்லிய, எளிதில் நொறுங்கக்கூடிய என்று பொருள். இந்தப் பிள்ளை தாயைவிடப் பெரிய ஊர்சுற்றி. துருக்கிக்குப் போனபோது அது 'நாஸிக்' ஆயிற்று. பொருளும் 'பணிவன்புள்ள' என்று மாறிற்று. அரபு வழக்கிலும் நாஸிக் என்றே நுழைந்தது. உகரம் இகரமானதில் ஒரு வசதியும் இருந்தது. காதிப் (எழுதுபவர்), தாலிப் (நாடுபவர்) என்ற அரபுச் சொற்களின் வார்ப்பில் நாஸிக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. காதுக்குச் சுத்தமான அரபுச் சொல்லாகவே ஒலிக்கும். பாக்தாதில் 1923இல் பிறந்து, அரபுக் கவிதையில் புதுக்கவிதை இயக்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான பெண் கவிஞரின் பெயர் நாஸிக் அல்மலாயிகா.

அடுத்து நடந்தது மொழி வரலாற்றின் அழகான போலிச் சரக்குகளில் ஒன்று. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துக்களை எலும்புக்கூடாகக் கொண்டவை. இதை 'மும்மெய் வேர்' எனலாம். அந்த எலும்புகளுக்கு இடையே வெவ்வேறு உயிரொலிகளை வார்த்தால் வெவ்வேறு சொற்கள் பிறக்கும். ல-த-ஃப் என்ற வேரிலிருந்து லதீஃப் (இனியவர்) வரும், லதாஃபத் (இனிமை) வரும். பாரசீகம் எழுதிய பண்டிதர்கள் இந்த அச்சில் கை தேர்ந்தவர்கள். நாஸுக் என்ற தங்கள் சொந்தச் சொல்லைப் பார்த்தார்கள். ந-ஸ-க் என்று மூன்று மெய்கள் தென்பட்டன. உண்மையில் கடைசிக் ககரம் வேரைச் சேர்ந்ததே அல்ல, ஒட்டிய ஈற்றின் துண்டு. அதனாலென்ன? அரபு அச்சில் தள்ளி ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வெளியே விழுந்தது 'நஸாகத்', அதாவது மென்மைத்தன்மை. அரபு மூலமே இல்லாத அரபு வடிவச் சொல்! உருது அதை நேர்த்தியான ஒயிலுக்கு எடுத்துக்கொண்டது. துருக்கியில் அது 'நெஸாகெத்' ஆகி நன்னடத்தை, மரியாதை என்று நிலைத்துவிட்டது.

இந்தியாவில் நாஸ் தன் பழைய பெருமிதத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. உருதுவிலும் இந்தியிலும் "உன்மேல் எனக்கு நாஸ்" என்றால் 'உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்' என்று பொருள். 1957இல் வந்த 'ப்யாஸா' படத்துக்கு சாஹிர் லுதியான்வி எழுதிய புகழ்பெற்ற பாட்டொன்றில், நாட்டை நினைத்துப் பெருமைப்படுகிறவர்களைக் கூப்பிட்டு அவலத்தைக் காட்டும் இடத்தில் நிற்பது இந்த நாஸ்தான். காதலியின் இமைத்துடிப்பைக் குறித்த அதே சொல் அங்கே தேசத்தின் மனசாட்சியைக் கேள்வி கேட்கிறது. பஹ்லவிக் காலத்தோடு மறைந்துபோன பொருள் என்று எண்ணத் தேவையில்லை. பாரசீகத்தில் அது என்றும் சாகவே இல்லை.

தெற்கே வந்தது பிள்ளையான நாஸுக்தான். தக்காணத்தில் 1347 முதல் பாமினி அரசு, பிறகு பீஜப்பூர், கோல்கொண்டா. தமிழகத்தில் 1670களிலிருந்து தஞ்சையை ஆண்ட மராத்தியர், ஆற்காட்டு நவாபுகள். இவர்களின் கச்சேரிகளிலும் அரண்மனைகளிலும் பாரசீகச் சொற்கள் புழங்கின. மராத்தி, தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் நாஸுக்கின் நடு உகரம் நெடிலாகிவிட்டது. தமிழிலும் அப்படியே. ஆம், நாம் அன்றாடம் சொல்லும் நாசூக்கு இதுதான். சிலர் நாஜூக்கு என்பார்கள்.

தமிழ் இந்தச் சொல்லுக்குச் செய்த தச்சு வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதலில் அந்த ரீங்கார ஒலி. தமிழ் வாய் அதைச் சகரமாகவோ ஜகரமாகவோ ஆக்கிக்கொள்ளும். ஸமீன்தார் ஜமீன்தார் ஆனதும் பாஸார் பஜார் ஆனதும் இதே வழியில்தான். அடுத்தது ஈற்று மெய். தமிழ்ச் சொல் க் என்ற வல்லின மெய்யில் முடியாது, எனவே ஓர் உகரம் வேண்டும். ஆனால் வெறுமனே உகரம் சேர்த்து 'நாசூகு' என்று எழுதினால் நம் நாக்கு நடுவிலுள்ள ககரத்தை மென்மையாக்கிவிடும். 'அழகு' என்பதில் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். மூலத்தின் அழுத்தமான ககரம் காணாமல் போகும். அதைத் தடுக்கக் ககரத்தை இரட்டிக்க வேண்டும். பாகீ பாக்கி ஆனது, வகீல் வக்கீல் ஆனார், நாஸுக் நாசூக்கு ஆயிற்று. யாரும் குழு போட்டுத் தீர்மானிக்கவில்லை. தெருவில் பேசியவர்களின் வாயே செய்த வேலை இது.

பொருளிலும் தமிழ் ஒரு புதிய அடி எடுத்துவைத்தது. பாரசீகத்தில் நாஸுக் என்பது பொருளின் குணம்: மெல்லிய காகிதம், மென்மையான தோல். தமிழில் நாசூக்கு செயலின் குணம். கடன் கேட்டு வந்தவரை நாசூக்காகத் திருப்பி அனுப்பலாம். விரலில் சாம்பார் ஒட்டாமல் நாசூக்காகச் சாப்பிடலாம். பேச்சுவாக்கில் ஒருவரிடமிருந்து ஒரு ரகசியத்தை நாசூக்காகக் கறந்துவிடலாம். நொறுங்குவதைக் குறித்த சொல், நொறுக்காமல் கையாள்வதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. துருக்கியர்களும் இதே சொல்லைப் பிடித்துக்கொண்டு மரியாதை என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததை இங்கே நினைத்துப்பாருங்கள். இஸ்தான்புல்லும் தஞ்சாவூரும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே ஒரே தெருவுக்கு வந்திருக்கின்றன.

தாய் ஏன் தமிழுக்கு வரவில்லை, பிள்ளை மட்டும் ஏன் வந்தது? என் கணிப்பு இது: பிகு, ஊடல், சிணுங்கல், பிலுக்கு, பசப்பு, கொஞ்சல், செல்லம் என்று அந்த வீட்டில் ஏற்கெனவே கூட்டம் நெரிந்தது. நாஸுக்கு உட்கார இடமில்லை. ஆனால் 'ஒருவர் மனம் நோகாமல், சந்தடி செய்யாமல், அதே சமயம் கொஞ்சம் தந்திரத்தோடும் ஒன்றைச் செய்துமுடிப்பது' என்பதை ஒரே சொல்லில் அடைக்க ஓர் இருக்கை காலியாக இருந்தது. நாசூக்கு நாசூக்காகவே போய் அதில் உட்கார்ந்துகொண்டது.

தாய் நம்மிடம் வராமலும் இல்லை, பெயராக வந்தாள். ஷாநாஸ், குல்நாஸ், நாஸ்னீன் என்ற பெயர்களில் இருப்பவள் அவளே. ஷாநாஸ் என்றால் மன்னர்க்குரிய நாஸ். ஈரானிய இசையில் அது ஷூர் என்ற பண்ணின் ஒரு பகுதிக்கும் பெயர். துருக்கிய, அரபு இசைகளிலும் அதே பெயரில் பண் உண்டு. நம் ஊர்களில் நியாஸ் என்று பையன்களைக் கூப்பிடுகிறோமே, அது கஸல் பாட்டில் நாஸுக்கு எதிரே நின்று கெஞ்சிய அதே சொல்தான். ஆனால் நாஸ் போல ஒலிப்பதெல்லாம் நாஸ் அல்ல. கண்ணேறைக் குறிக்கும் நஸர் அரபு. நாஸிம், நாஸிர் என்ற பெயர்கள் அரபு. பேநஸீர் என்றால் 'நிகரில்லாதவர்'. அதற்குள் இருக்கும் நஸீரும் அரபுதான். ஒலியை மட்டும் நம்பிச் சொற்களுக்குக் குடும்பம் கட்டினால் இப்படித்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடுவோம்.

இன்றைய டெஹ்ரானில், சின்னச் சிராய்ப்புக்கே ஊரைக் கூட்டுகிற ஆளை, கொஞ்சம் குளிரடித்தால் சுருண்டுபோகிற ஆளை, கேலியாக 'நாஸோக் நாரெஞ்சி' என்பார்கள். நாஸோக் என்பது நாஸுக்கின் இன்றைய உச்சரிப்பு. நாரெஞ்சி என்பது நாரெஞ்ச் என்ற புளிப்பு ஆரஞ்சிலிருந்து வந்தது. அந்தப் பழத்தின் பெயர் பாரசீகத்துக்குப் போனது இந்தியாவிலிருந்து, 'நாரங்க' என்ற வடிவத்தில். அதற்கு மூலம் திராவிடச் சொல் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நம் வீட்டு ஊறுகாய்ப் பானையில் இருக்கும் நாரத்தை அதன் உறவு.